தெம்பே வாடை

மாவு பிழிந்தெடுத்த மரவள்ளிச் சக்கையை வேகவைத்து, தட்டுகளில் பரப்பி, அதன்மேல் கருப்புப் பூஞ்சையைத் தூவி வளர்ப்பது எங்கள் வேலை. அதில் ஊறும் நொதியைத் துணி மில் வாங்கும்; நூலில் ஏறிய கஞ்சியை அகற்ற அது வேண்டும். அன்று காலை ஆறு தட்டுகளில் எங்களுடையது அல்லாத ஏதோ ஒன்று பஞ்சுபோலப் பொங்கிக் கிடந்தது. மதியம் மில்லுக்காரர் மாதிரி எடுக்க வருகிறார்.

மேலாளர் ரெத்னோ அம்மா, எங்களுக்கு ‘இபு’, நேராக துலுஸ் அண்ணனிடம் போனார். சக்கை வேகவைக்கும் அண்டா அவர் பொறுப்பு.

“சரியா வேகல. போன மாசமே சொல்லியாச்சு. நாளைலேர்ந்து வராதீங்க.”

நான் குனிந்து தட்டை முகர்ந்தேன். தெம்பே வாடை.

சோயாவை வாழையிலையில் கட்டிப் பூஞ்சை பிடிக்கவைப்பதுதான் தெம்பே. மழைக்காலத்தில் என் வீட்டுக் குளிருக்கு அது பிடிப்பதே இல்லை. இந்த அறை வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று முந்தாநாள் ஒரு பொட்டலத்தை, தட்டுகள் அடுக்கிய அலமாரியின் உச்சியில் சொருகியிருந்தேன். நேற்று எடுத்துப்போய் வறுத்துத் தின்றும் ஆயிற்று. என்னைப் போல அறிவாளி எங்கள் போயோலாலி ஊரிலேயே கிடையாது.

துடைப்பத்தை எடுத்தேன், வைத்தேன். கையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

“ஏம்மா இப்படி அலையிற?” என்றார் துலுஸ், அண்டாவைத் தேய்த்தபடி.

“அண்ணே, அது என் தெம்பே.”

“தெரியும். பொட்டலத்த முந்தாநாளே பாத்தேன்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“நீ புள்ளைங்களுக்குன்னு வெச்சிருப்பன்னு விட்டுட்டேன். எனக்கென்ன, ஒண்டிக்கட்ட. எங்கயாவது அண்டா கழுவிப் பொழச்சுக்குவேன். நீ வாய மூடிக்க.”

மனசு லேசானது. கால்மணி நேரம் அந்த நிம்மதியோடு தட்டுகளைக் கொட்டினேன். பிறகு என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. போய் இபுவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. “அப்ப நீங்க நாளைக்கு வராதீங்க. அவர இருக்கச் சொல்லுங்க” என்றார்.

சேதி கேட்ட துலுஸ் அண்ணன், “கூறுகெட்டவளே” என்றார். காலி அண்டாவை இழுத்து வைத்து, “புதுசா போடணுமே. சக்கைக்குத் தண்ணி சேக்குறது நீதானே, எவ்வளவுன்னு சொல்லு” என்றார்.

“பிடிச்சா உருண்டையா நிக்கணும். விரலிடுக்குல சொட்டக் கூடாது.”

அவர் பிடித்தார். சொட்டியது.

“இன்னும் கொஞ்சம் சக்கை போடுங்க.”

இரண்டாவது பிடியில் உருண்டை நின்றது. இனி நான் அங்கே தேவைப்படவில்லை.