கோடித்துணிச் சொக்கா

என் வீட்டுக்காரர் அமலதாசுக்கு மாரடைப்பு வந்தது யுத்தகாலத்தில், துணிக்கு ரேஷன் போட்டிருந்த வருஷம். திண்டிவனம் சந்தைக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப் போனவர் கூட்டேரிப்பட்டில் வண்டியை விட்டுச் சரிந்தார். தேறமாட்டார் என்று பங்குச் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலையும் கொடுத்துவிட்டார். ஆனால் மனிதர் பிழைத்துக்கொண்டார். ஒன்றரை மாதம் படுத்திருக்க வேண்டும், அப்புறம் மெல்ல நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக வேலையும் பார்க்கலாம் என்று சொல்லி விழுப்புரம் டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

ஒன்றரை மாதம் முடிந்தது. இவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. அவஸ்தை வாங்கினவன் பாதிப் பிணம். அவனிடம் யாரும் வேலை சொல்லமாட்டார்கள், சண்டைகூடப் போடமாட்டார்கள். பொழுது சாய்ந்தால் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டு, நல்ல மரணம் வேண்டுமென்று மன்றாடுவார்கள். என் நாத்தனார் இருதயமேரி அதற்கும் ஒரு படி மேலே போனாள். துணி கிடைக்காத காலத்தில் அவசரத்துக்கு எங்கே ஓடுவது என்று, தம்பியின் உடம்புக்குப் போர்த்த வேண்டிய கோடித்துணியை முன்கூட்டியே வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். நல்ல கெட்டியான வெள்ளைத் துணி. கெட்ட எண்ணம் இல்லை, அழுதுகொண்டேதான் கொடுத்தாள். வாங்கித் துணிப்பெட்டிக்கு அடியில் திணித்தேன்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். கேப்பைக் கூழைக் கொண்டுபோனால் வேண்டாம் என்று தலையாட்டுவார். பிள்ளைபோல வளர்த்த மாடுகள் கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். விளக்கு வைத்ததும் ஒன்றே ஒன்று கேட்பார்.

"கோடி பத்திரமா இருக்குதா? பூச்சி கீச்சி அரிச்சிடப் போவுது. எடுத்துக் காட்டு."

பெட்டியைத் திறந்து காட்டுவேன். தடவிப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உலகத்தில் அவர் அக்கறையாக விசாரித்தது அந்தப் பிணத்துணி ஒன்றைத்தான். நெஞ்சு ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை என்று எனக்குப் புரிந்தது. இப்படியே விட்டால் அந்த மனசே இவரைக் கொன்றுவிடும் என்று பயந்தேன்.

முதலில் ஜெபக்கூட்டத்தை வாசலிலேயே மறித்தேன்.

"அவரு பொழைக்கறதுக்கு ஜெபம் தெரிஞ்சவங்க உள்ள வாங்க. மத்தவங்க ஊட்டுக்குப் போங்க."

எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டே போனார்கள். பிடித்தால் பிடிக்கட்டும். மறுநாள் கோடித்துணியையும் அவருடைய பழைய சொக்காயையும் சுருட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன். தையல்காரர் சக்கரபாணி, இந்தப் பஞ்சத்தில் இப்படி ஒரு துணியா என்று ஆசையாகத் தடவினார். எதற்கு வாங்கின துணி என்று நான் வாயைத் திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து தைத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அன்றைக்கும் விளக்கு வைத்ததும் இவர் கோடியைக் கேட்டார். பெட்டியைத் திறந்து, தைத்த சொக்காயை எடுத்து அவர் மேல் போட்டேன்.

விரித்துப் பார்த்தார். பொத்தானைத் தொட்டார். துணி அடையாளம் தெரிந்ததும் கட்டிலை விட்டு இறங்கி, எதையும் பிடிக்காமல் நின்றார்.

"என் கோடிய யாரு வெட்டனது? நாளைக்கி நான் செத்தா இன்னாத்தப் போட்டு மூடுவ?"

"ஒண்ணும் போடமாட்டேன். செத்தா அம்மணமாத்தான் போவணும். மானம் இருந்தா பொழைச்சிக் கெடங்க."

சொக்காயை என் முகத்தில் வீசினார். தெருவே கூடுகிற மாதிரி திட்டினார். இத்தனை நாள் ஊமையாகக் கிடந்தவர் திட்டத் திட்ட எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூச்சு வாங்கியதும் உட்கார்ந்து, அந்த ஆத்திரத்திலேயே கூழைக் கொண்டுவரச் சொன்னார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், ஐந்தாம் நாள் பழையபடி சுவரைப் பார்ப்பார். அப்போதெல்லாம் அந்தச் சொக்காயைச் சுவரில் அவர் கண்ணெதிரே மாட்டிவைத்தேன். நானும் விடுவதாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அதையே மாட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினார். ஜெபக்கூட்டத்து ஆட்கள் கோயில் வாசலில் வாய் பிளந்து நின்றார்கள். இருதயமேரி கிட்டே வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"தம்பி, இது நான் எடுத்தாந்த கோடியாச்சே."

"ஆமாக்கா," என்றார். "நல்ல துணியாத்தான் எடுத்திருக்கற. ரொம்ப நாளிக்கி உழைக்கும்."