மூன்று குவியலும் ஒரு குவியலும்

முற்றத்தில் மரைக்கால் ‘டணார்’ என்று விழுந்தது. பரீனா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நெல்லளக்கும் அந்தத் தகர ஏனத்தை நழுவவிட்டு, அவளுடைய புது மாப்பிள்ளை அபுல் ஹஸன் முழித்துக்கொண்டு நின்றான்.

சூறாவளிக்குப் பிந்திய முதல் நெல் வெட்டு. சாகாமத்து வயலில் மூன்று குவியலாக அவன் அளந்தபோது நாற்பது, முப்பத்தைந்து, இருபத்துநாலு. ஆகத் தொண்ணூற்றொன்பது மரைக்கால். அதே நெல்லை வீட்டில் ஒரே குவியலாகக் கொட்டி அவனே அளந்தால் நூற்றொன்று.

குறைந்திருந்தால் வழியில் சிந்தியதென்று அவளுடைய வாப்பா ஆதம்பாவா விட்டிருப்பார். கூடியதுதான் வினையாயிற்று. பக்கத்து வயல் செல்லத்தம்பியின் நெல் கலந்துவிட்டது, இது ஹறாம், ஒரு மணிகூட அவியக் கூடாது என்றார். கல்முனைப் புடவைக் கடையில் வளர்ந்தவனை அளக்கவிட்டது தன் பிழையாம். அஸர் தொழுதுவிட்டுச் செல்லத்தம்பியிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்லிப் பள்ளிக்கு நடந்தார். இனி ஊர் மருமகனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடும்.

பரீனா மண்ணில் ஈர்க்கினால் எழுதிப் பார்த்தாள். இருபத்துநாலை முன்னே போட்டாள், நாற்பதைப் பின்னே தள்ளினாள், கடைசி இரண்டை முதலில் கூட்டினாள். எப்படிப் புரட்டினாலும் தொண்ணூற்றொன்பது அசையவில்லை. பிறகெப்படி நெல் மட்டும் அசைந்தது?

சிறிய குவியலொன்றை ஒதுக்கி அளக்கச் சொன்னாள். எட்டு என்றான். அதையே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். நாலு, மூன்று. ஆக ஏழு!

“பிரிச்சாக் குறையுது, சேர்த்தாக் கூடுது. உங்கட நெல்லுக்கு மட்டும் வேற கணக்கா?”

குவியல் பிறக்கும்போதெல்லாம் ஒன்று தொலைகிறதென்றால் கோளாறு குவியலின் தொடக்கத்தில்தான் என்று அவளுக்குப் பட்டது. ஒரே ஒரு மரைக்கால் அளக்கச் சொன்னாள்.

முதல் மரைக்காலை ஒன்று என்னாமல், விளைச்சல் பெருகும் பரக்கத்துக்காக ‘லாபம்’ என்று சொல்லி, அடுத்ததை இரண்டு என்பது வயற்காரர் வழக்கம். அவர்களிடம் கேட்டறிந்தபடி அவனும் பக்தியோடு “லாபம்” என்று சொல்லி நெல்லைக் கொட்டினான்.

“இப்ப எத்தின மரைக்கால்?” என்று கேட்டாள் பரீனா.

“இன்னும் எண்ணவே தொடங்கல்லியே, புள்ள.”