தம்பி துடைத்த கண்ணாடி

1

இந்தக் கதை என் தம்பியிடமிருந்து திருடியது. இது இரண்டாவது திருட்டு. முதல் திருட்டுக்காக அவன் பதினோரு வருடமாக என்னோடு பேசவில்லை. அதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன், அதற்குள் நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால்.

தம்பி சலூன் வைத்திருக்கிறான். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அதன்மேல் பழைய பத்திரிகைகள்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியைத் துடைத்தபோது, என் தம்பியும் சேர்ந்து' — வேண்டாம். எடுத்த எடுப்பில் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

2

யாரோ அந்தப் பெஞ்சில் அட்டை கிழிந்த சூஃபிக் கவிதைப் புத்தகம் ஒன்றை விட்டுப் போனார்கள். எழுதியவர் யாரென்று தெரியாது. பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து, தம்பி அதில் சவர நுரையை வழித்துவிட்டான். அடுத்த பக்கத்தைக் கிழிக்கப் போனபோது இரண்டு வரி கண்ணில் பட்டது:

நாளெல்லாம் கண்ணாடியைத் துடைக்கிறாய்.
துடைக்கிறவனை எப்போது துடைப்பாய்?

கிழிக்கவில்லை. அன்றிலிருந்து கடை திறந்ததும் ஒரு கவிதை, பிறகுதான் கத்தரி.

தம்பியின் கோபம் ஊரறிந்தது. தலையை ஆட்டினால் குட்டுவான். குறை சொன்னால் பாதி வேலையில் இறக்கி அனுப்புவான். (ஒருவர் பாதி மீசையோடு கல்யாணத்துக்குப் போனார். சரி, கல்யாணம் நான் சேர்த்தது. மீசை நிஜம்.) கவிதை உள்ளே இறங்க இறங்கக் குட்டு நின்றது. "வலிக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தான். படுத்ததும் தூங்கினான். எல்லாம் தம்பி மனைவி போனில் சொன்னது.

"நல்லதுதானேம்மா," என்றேன்.

"நல்லதுதான் மாமா. ஆனா கண்ணாடியில ஆள் தெரியல."

"யாரு?"

"உங்க தம்பிதான். நாற்காலி தெரியுது, உக்காந்திருக்கிறவர் தெரியறார். கத்தரி தானா வெட்டுது. வர்றவங்க கண்ண மூடிக்கிறாங்க."

"அப்ப கடை படுத்துடுச்சா?"

"எங்க? திட்டாத கடைன்னு கூட்டம் தாங்கல."

3

பதினோரு வருடம் முன்பு இவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள். தம்பி கடையை உள்ளே தாழிட்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, தன் தலையைத் தானே மொட்டையடித்துக்கொண்டு அழுதான். என்னிடம் மட்டும் சொன்னான். நான் அதை நகைச்சுவைக் கதையாக்கினேன். பத்திரிகை அவன் பெஞ்சுக்கே வந்தது. ஒருவர் வாய்விட்டுப் படித்தார், கடையே சிரித்தது.

அவள் திரும்பி வந்துவிட்டாள். நான்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

(இங்கே மன்னிப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மிக அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

4

இன்று காலை மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சட்டைப்பையில் நோட்டும் பென்சிலும் இருந்தது பழக்கதோஷம்.

"வாங்கண்ணே. உக்காருங்க," என்றான், நேற்றுத்தான் பேசியதுபோல.

கண்ணாடியில் நான் மட்டும் இருந்தேன். துணி தானாக வந்து கழுத்தைச் சுற்றியது. பிரஷ் தானாக நுரை பூசியது. கத்தி தானாக ஒரு கன்னத்தை வழித்தது. காதருகே அவன் மூச்சு.

"துணிக்கு அடியில கை ஏன் ஆடுது?"

"அரிப்புடா."

"எழுதுற அரிப்பா?"

நுரை வழியும் கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான். பலகைமேல் கத்தி இருக்கிறது, பார்க்கிறேன். கண்ணாடிக்குள் பலகை காலி. அங்கே என் பின்னால் ஒருவன் நிற்கிறான். மொட்டைத் தலை, வீங்கிய கண்கள். கத்தி அவன் கையில். என் தொண்டைக்குழியில் சில்லென்று ஏதோ படுகிறது.

"பயப்படாதீங்கண்ணே," தம்பி பக்கத்தைப் புரட்டுகிறான். "அது நான் இல்ல. நீங்க எழுதினவன். என்னைத் துடைச்சிட்டேன். அவன் மட்டும் போகமாட்டேங்கறான்."

"மன்னிச்சிருடா."

"நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அவன்கிட்ட கேளுங்க."

5

முடிவு ஒன்று: கேட்டேன், அவன் கத்தியைக் கீழே போட்டு — பொய்.

முடிவு இரண்டு: கத்தி மெல்ல — இதை எழுதி முடிக்க எனக்குக் கழுத்து வேண்டும்.

நான் எழுத எழுத அவன் அங்கே நிற்கிறான். பென்சிலை விடத்தான் பார்க்கிறேன். ஆனால் பாதி மீசைக்கு நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்து, பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்த்து இடது கையை நீட்டுகிறான். கத்தியை வழிக்கக் காகிதம் வேண்டுமாம்.

இந்தப் பக்கம் உங்கள் கையில்தான் இருக்கிறது. கிழித்துக் கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்கள். நுரை காய்கிறது.