குதிகால்மேல் உட்காரும் பிள்ளை

பரஸ்தூ சாப்பிட்ட கடைசி வெள்ளிக்கிழமை விருந்து கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். தரையில் விரித்த துணியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வயதுப் பரஸ்தூ மட்டும் மண்டியிட்டு, ஒரு குதிகாலை அடியில் அழுத்திக்கொண்டு, அசையாமல் இருந்தாள்.

"பாருங்கடா, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா!" என்று தன் பிள்ளைகளுக்கு இடித்துக் காட்டினாள் அத்தை ஃபக்ரி.

அம்மா மஹ்லகாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அம்மா, எந்திரிக்கட்டுமா?"

"பெரியவங்க சாப்பிட்டு முடிக்கட்டும், கண்ணு."

கொஞ்ச நேரத்தில் கம்பளம் நனைந்தது.

"ஐயே! கழுதை வயசாகுது, இன்னும் தொட்டில்னு நெனப்பா?" என்றாள் ஃபக்ரி. "ஊர்ப் பிள்ளைங்க மூத்திரத்தைப் பத்திதான் ஆராய்ச்சி பண்றா என் தம்பி பொண்டாட்டி. வீட்டுல பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பரஸ்தூவும் சிரிக்கப் பார்த்தாள்.

ஃபக்ரி சொன்னது பொய்யில்லை. பிள்ளைகளின் சிறுநீர்க் கோளாறைக் கண்டறிய அம்மாக்களிடம் கேட்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவள் மஹ்லகாதான். அதில் ஒரு கேள்வி, பிள்ளை குதிகால்மேல் அழுத்தி உட்காருகிறதா என்பது; சிறுநீரை அடக்கிவைக்கும் பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள். கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க அழைத்த இஸ்பஹான் நகரத்து அம்மாக்கள் முகம் மலர்ந்து சொன்னார்கள்: "எப்பவும் அப்படித்தாங்க. நல்லா வளத்திருக்கோம்ல?" மஹ்லகாவின் பேராசிரியர், "அப்ப நாடே நோயாளியா?" என்று சிரித்து, அந்தக் கேள்வியை அடித்துவிட்டார்.

விருந்தன்று மாலையே பரஸ்தூவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அடக்கி அடக்கிச் சேர்ந்த கிருமி சிறுநீரகத்தைத் தாண்டி ரத்தத்தில் கலந்திருந்தது.

"அடக்கிவச்சுக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்லையே."

"குதிகாலை அழுத்தி உக்காருவாளா?"

மஹ்லகா வாயைத் திறந்தாள். "எப்பவும்..." என்றாள்.

திங்களன்று புதைத்தார்கள்.

ஏழாம் நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் அதே கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். துக்க வீட்டு வழக்கப்படி அல்வாத் தட்டு கை மாறியது.

"எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்று மாரில் அடித்துக்கொண்டாள் ஃபக்ரி.

எதிரே, அடுத்த வீட்டுச் சிறுமி மண்டியிட்டு, ஒரு குதிகாலை அழுத்தி, லேசாக ஆடிக்கொண்டிருந்தாள். மஹ்லகா அவளிடம் குனிந்தாள்.

"எந்திரிச்சுப் போம்மா. கழிப்பறை அந்தப் பக்கம் இருக்கு."

"அதெல்லாம் வேணாங்க, அவ சமத்து," என்றாள் சிறுமியின் அம்மா. "எவ்வளவு நேரமானாலும் இப்படியே இருப்பா."

சிறுமி தன் அம்மாவின் கண்களைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.