யாரும் கூட்டாத மூலை

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தேவாலய மணியின் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்கு, சனிக்கிழமை கூட்டி முடித்த வாசலின் மேல் ஆணை. ஹாசல்விங்கல் ஊரில் இரண்டாவதுதான் பெரிய ஆணை.

அந்த ஊரின் மேற்கு வாசல் கோபுரம் கிழக்கே சாய்ந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்ததே அதைப் பார்க்கத்தான். உச்சி மாடியில் காவலர் வெண்டலின் குடியிருந்தார். கோபுரம் சாய்ந்திருக்கும்வரை காவலருக்கு அங்கே இடம் என்பது நகரசபையின் பழைய ஏற்பாடு. நிமிர்ந்துவிட்டால் பார்க்க ஆள் வராது, காவலரும் தேவையில்லை. பிறகு அவர் பக்கத்து ஊரில் தம்பி மனைவியின் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அந்த அம்மாள் அக்கார்டியன் பழகிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக ஒரே பாட்டு. இன்னும் பாதி வரவில்லை.

வெண்டலின் சாய்வோடு சமாதானமாக வாழ்ந்தவர். கட்டிலின் மேற்குக் கால்களை அறுத்துச் சமப்படுத்தியிருந்தார். பூனைக்குச் சரிவின் கீழ்ப்பக்கத்துக் கால்கள் தாமாகவே நீண்டுவிட்டன. தெருவில் இறக்கிவிட்டால் அது வட்டமடிக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில், ஜப்பானிலிருக்கும் சகோதர நகரத்திலிருந்து கலாச்சாரப் பரிமாற்றத்துக்கு ஒரு குழு வந்தது. கோபுரத்தின் நடுமாடியில் தங்க வைத்தார்கள். குழுவின் தலைவி ஹயாசே, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. ஊர் மொழியைச் சுத்தமாகப் பேசுவார். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பார்.

"மதியம் உங்க மணி ஏன் பதிமூணு அடிக்குது?"

"கடைசி மணி காது மந்தமானவங்களுக்கு, டீச்சர்," என்றார் வெண்டலின்.

ஹயாசே குறித்துக்கொண்டார்.

அந்த வாரம் கூட்டும் பலகை வெண்டலின் கதவில் தொங்கியது. துடைப்பம் வரைந்த சின்ன மரப்பலகை. யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள்தான் அந்த வாரம் படிக்கட்டையும் தெருவையும் கூட்டவேண்டும். முடித்ததும் அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். வெண்டலினுக்கு உடனே இடுப்பு வலி கண்டது. கூட்டாமலே பலகையைக் கழற்றி விருந்தாளிகளின் கதவில் மாட்டினார்.

"இது என்னங்க?" என்றார் ஹயாசே.

"ஊர்லயே பெரிய மரியாதை. எல்லாருக்கும் மாட்டிட மாட்டோம். கடைசியா ஒரு பிஷப்புக்கு மாட்டினது."

"அவர் என்ன பண்ணாரு?"

"கூட்டினாரு."

எதிர்வீட்டு அடெல்ஹைட் அம்மாள் ஜன்னலைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன்யா வெண்டலின், பலகை வர்ற வாரம் மட்டும் உன் இடுப்பு கரெக்டா வலிக்குதே, எப்படி?"

"குளிர்காத்து, அடெல்ஹைட்."

"போன தடவை ஜூலை மாசம்."

விருந்தாளிகள் மகிழ்ச்சியோடு துடைப்பம் எடுத்தார்கள். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டுவார்களாம். படிக்கட்டு பளபளத்தது, தெரு பளபளத்தது. கோபுரத்தின் மேற்கு அடியில் ஹயாசே நின்றார். அங்கே ஒரு மண்மேடு, அதன் மேல் புல், புல் மேல் ஒரு முயல்.

"இந்த மூலையை யார் கூட்டுவாங்க?"

"யாரும் இல்ல," என்றார் அடெல்ஹைட். "மேலத்தெரு எல்லை இந்தக் கல்லோட முடியுது. கீழத்தெரு எல்லை அந்தக் கல்லுல ஆரம்பிக்குது. ரெண்டு பக்கமும் எல்லை வரைக்கும் கூட்டித் தள்ளிட்டு நிறுத்திடுவோம்."

"எவ்வளவு காலமா?"

"என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் சண்டை. நல்லாத்தான் போயிட்டிருக்கு."

இதற்குமேல் ஒரு சரித்திர ஆசிரியையால் சும்மா இருக்க முடியுமா? கூட்ட ஆரம்பித்தார்கள். முதலில் புல் வந்தது. பிறகு பீங்கான், குதிரை லாடம், பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவனின் பொத்தான்கள், அதற்கும் கீழே அவனுடைய காலைச் சாப்பாட்டில் மீதி. அடெல்ஹைட் குப்பைத்தொட்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பச்சைக் கண்ணாடி அதுல, பழுப்பு இதுல. கலக்காதீங்க. அது என்ன, எலும்பா? சமைச்சதா, சமைக்காததா?"

கடைசித் துடைப்பம் கோபுரத்துக்கு அடியில் போய் வெளியே வந்தது. அத்தனை காலம் மேற்குப் பக்கத்தை நெம்பித் தூக்கி வைத்திருந்த குப்பை போய்விட்டது. கோபுரம் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேலே வெண்டலின் பயறு சூப் குடித்துக்கொண்டிருந்தார். சூப் மடியில் விழுந்தது, அவர் கட்டிலில் விழுந்தார், கட்டில் அவரைக் கீழே தள்ளியது. பூனை வீட்டுக்குள்ளேயே வட்டமடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தேவாலயம் சாய்ந்திருப்பதுபோல் தெரிந்தது. விஷயம் புரிந்ததும் அவர் காதில் அக்கார்டியன் கேட்கத் தொடங்கியது.

கீழே ஓடினார். "அடெல்ஹைட், திங்கக்கிழமை நகரசபைலேர்ந்து அளக்க வருவாங்க. அந்தக் குப்பையைத் திருப்பிப் போட்டுடு."

"தரம் பிரிச்ச குப்பையைத் திருப்பி எடுக்கறதா? அப்படி ஒரு விதியே கிடையாது."

"நான் தெருவுல நிக்கணுமா?"

"நின்னா கூட்டிட்டு நில்லு."

ஹயாசே ஆழமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்ததும், "ஆனா இத்தனை நாள் விழாம எப்படி நின்னுது?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளின் பேருந்து மேற்குச் சாலையில் புறப்பட நின்றது. ஊரே கைக்குட்டை ஆட்டாமல் விருந்தாளியை அனுப்புவது ஹாசல்விங்கலில் வழக்கமில்லை. நன்றாகத் தெரியட்டும் என்று எல்லோரும் கோபுரத்தில் ஏறினார்கள். மேலத்தெருக்காரர்கள் ஒரு மாடி, கீழத்தெருக்காரர்கள் ஒரு மாடி, பித்தளை வாத்தியக்காரர்கள் உச்சி மாடி. வெண்டலின் தன் பெட்டியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

பேருந்து நகர்ந்தது. ஹயாசே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அவருக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது.

"இனிமே அந்த மூலையை யார் கூட்டுவாங்க?"

மேலத்தெரு முழுவதும் மேற்கு ஜன்னல்கள் வழியாக இடுப்புவரை வெளியே சாய்ந்து கீழத்தெருவைக் கைகாட்டியது. கீழத்தெரு இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து மேலத்தெருவைக் கைகாட்டியது. உச்சி மாடியில் ட்யூபா என்ற பெரிய குழலை ஊதுபவரும் தன் கருத்தைச் சொல்ல எட்டிப் பார்த்தார். அடியில் முட்டுக் கொடுக்க அந்தப் பக்கம் ஒரு பிடி குப்பைகூட இல்லை. கோபுரம் நிதானமாக மேற்கே சாய்ந்து நின்றது.

திங்கட்கிழமை வந்து அளந்தார்கள். சாய்வு இருந்தது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பழைய ஏற்பாட்டில் சொல்லப்படவில்லை. வெண்டலின் பெட்டியை அவிழ்த்தார், கட்டிலைத் திருப்பிப் போட்டார். பூனை பின்னோக்கி நடக்கப் பழகிக்கொண்டது. பலகை அடெல்ஹைட் வீட்டுக் கதவுக்குப் போனது; அவர் கல் வரைக்கும் கூட்டி, தள்ளிவிட்டு, நிறுத்தினார்.

இதற்கும் அதே வாசலின் மேல் ஆணை: ஹாசல்விங்கலில் கோபுரம் என்று எதுவும் எந்தக் காலத்திலும் கட்டப்படவில்லை.