வளைந்த சுவர்

"ரேடார்ல ஒரு குறையும் இல்ல அத்தான்," என்றேன் வீறாப்பாக. போன வாரம் அதில் வேலை பார்த்தவள் நான்தான். என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அத்தான் என் அக்காவின் கணவர், பயணிகள் படகின் கேப்டன். முந்தின நாள் மூடுபனியில் படகைத் துறைச் சுவரில் இடித்துவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இடிக்கும்போது ரேடார் திரையில் சுவருக்கு இன்னும் இருபது மீட்டர் காட்டியது என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்று காதுபடவே பேசினார்கள். அதை அவரே நம்பத் தொடங்கியதுதான் கொடுமை. பத்து மணிக்கு விசாரணை. சட்டைப்பையில் ராஜினாமா கடிதம் தயாராக இருந்தது.

"அப்போ என் கண்ணுதான்," என்றார்.

ரேடாரைச் சோதிக்க, அதே சுவருக்கு எதிரே நூறு மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டிருந்தோம். கருவிப் பெட்டியை மூடும்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி அப்பால் தள்ளி வளைந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். அசல் சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

ரேடார் அளப்பது நேரத்தை. ரேடியோ அலை கிளம்பும் அதே கணத்தில் உள்ளே ஒரு கடிகாரச் சுற்று எண்ணத் தொடங்கும். எதிரொலி வந்து சேர எவ்வளவு நேரமோ, அதுதான் தூரமாகத் திரையில் விழும். போன வாரம் ஆன்டெனாவை உயரமான கம்பத்துக்கு மாற்றி, பதினைந்து மீட்டர் கூடுதலாகக் கேபிள் போட்டேன். அலை அதில் போய்வரும் நேரத்தையும் கடிகாரம் சேர்த்து எண்ணியிருக்கிறது. அந்த அளவுக்கு எண்ணுவதைத் தாமதமாகத் தொடங்க வைக்க வேண்டும். அடியோடு மறந்துவிட்டேன். கேபிளுக்குள் அலை காற்றில் போவதைவிட மெதுவாகத்தான் போகும்; அதனால் எல்லாமே இருபது மீட்டருக்குமேல் தள்ளித் தெரிந்திருக்கிறது. சுவரின் எல்லாப் புள்ளியும் நம்மைவிட்டு அதனதன் திசையில் ஒரே அளவு விலகினால் நேர்கோடு வளையத்தான் செய்யும்.

"அத்தான், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது." எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். "நிஜமாவா? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?"

ரேடாரில் அந்தத் தாமதத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினேன். திரையில் சுவர் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அத்தான் பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"திட்டிடுங்க அத்தான்."

"அதுக்கு உங்க அக்கா இருக்கா. அவ பாத்துப்பா."

பத்து மணி அடிக்க அரை மணி நேரம் இருந்தது. நடந்ததை எழுதிக் கொடுக்கக் காகிதம் தேடினேன். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தைப் பிரித்து, பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இதுல எழுது. முன்பக்கத்தை நான் கோடு போட்டு அடிச்சிடறேன்."