மிஸ்டர் வில்சனுக்குக் கிடைத்த வீடு

அழைப்பு மணியை அழுத்திவிட்டு எல்வுட் டாக்கெட் ஜன்னல் திரையைப் பார்த்தான். கதவு திறப்பதற்கு முன்னால் திரைதான் அசையும். ஒரு விரல் அளவு விலகும், பட்டென்று மூடிக்கொள்ளும், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பொய் தயாராகிக்கொண்டிருக்கும். 'இப்பத்தான் பேசி முடிச்சோம்.' 'பெயின்ட் அடிக்கணும், ரெண்டு மாசம் ஆகும்.' 'எங்க அக்கா மகளுக்குன்னு வச்சிருக்கோம்.' அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், வெள்ளைக்காரர்கள் வாழும் தெற்குப் பக்கத்தில் குடிவரக் காத்திருக்கும் அக்கா மகள்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் பேஸ்பால் மைதானமே போதாது என்று எல்வுட் கேலி செய்வான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் வீசுவதைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

பக்கத்தில் ஐரிஸ் கையுறையைக் கழற்றி, விரலில் கல்யாண மோதிரம் தெரிகிற மாதிரி கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். ஐரிஸ் பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் ஆகாதவள். சனிக்கிழமைகளில் மட்டும் அவன் மனைவி. சர்ச் அடித்தளத்தில் கூடும் குழு போட்ட ஏற்பாடு இது. முதலில் கறுப்பு ஜோடி போய்க் கேட்கும். இல்லை என்ற பதில் வந்த சற்று நேரத்தில், தெருமுனையில் காரில் காத்திருக்கும் கெல்லர் தம்பதி, வெள்ளைக்காரர்கள், போய் அதே வீட்டைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சாவி நீட்டினால் பொய் கையும் களவுமாகப் பிடிபட்டது என்று அர்த்தம். இப்படிச் சேர்ப்பதை எல்லாம் நகரசபை முன்னால் வைத்து, வீடு விடுவதில் நிறம் பார்க்கக் கூடாதென்று ஒரு சட்டம் கேட்பது குழுவின் திட்டம். வீட்டுக்காரர்களுக்கு வேறு சாக்கு மிச்சம் இருக்கக் கூடாது என்பதால், எல்வுடும் ஐரிஸும் வேஷம் போடும் 'மிஸ்டர் வில்சன்' தம்பதிக்குக் குழந்தை கிடையாது, நாய் கிடையாது, குடி கிடையாது. மறுப்பதற்கு அவர்கள் தோலைத் தவிர ஒன்றுமே கிடையாது.

இந்த வீட்டில் திரை அசையவில்லை. கதவு திறந்தது.

"மாடி போர்ஷன் பாக்க வந்தீங்களா? காலை நல்லாத் துடைச்சிட்டு வாங்க," என்றாள் ஒரு கிழவி. மாவு ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே முன்னால் படியேறினாள். பெயர் மிஸஸ் ஷிமான். போலந்துக்காரி, புருஷன் இறந்து கீழே தனியாக இருக்கிறாள்.

எல்வுட் வாசலிலேயே நின்றான். ஐரிஸ் முழங்கையால் இடித்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க வாசற்படிக்கு மேல் அவன் போனதே இல்லை. மறுக்கப்படுவதற்கு வேண்டிய முகம் அவனிடம் இருந்தது. உள்ளே வரச் சொன்னால் வைத்துக்கொள்ள வேண்டிய முகம் இல்லை.

மாடியில் வெயில் அடித்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவன் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியின் புகைக்கூண்டு தெரிந்தது. வடக்கே இருக்கும் வீட்டிலிருந்து விடியும் முன்னால் கிளம்பி, பஸ் மாறி, பள்ளத்தாக்குப் பாலத்தைத் தாண்டி அவன் வந்து சேரும் இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம். குழாயைத் திருகிக் கையை நீட்டினான். வெந்நீர். கையை எடுக்கவே மனசு வரவில்லை. சாய்ந்த கூரையுள்ள பின்னறையில் மூன்று கட்டில் போடலாம் என்று கணக்குப் போட்டான். மிஸ்டர் வில்சனுக்கு மூன்று கட்டில் எதற்கு?

"அக்கம்பக்கத்துல முணுமுணுப்பாங்க," என்றாள் கிழவி. "முணுமுணுக்கட்டும். இதுக்கு முன்னாடி இருந்தவன் எங்க போலந்து ஆளுதான், குடிச்சிட்டு என் கதவை உடைச்சான். எனக்கு மாடியில சத்தம் கூடாது, அவ்வளவுதான். ஏம்மா, பிள்ளைங்க இருக்கா?"

"இல்லைங்க," என்றாள் ஐரிஸ். பழகிப்போன பதில்.

"நல்லதாப் போச்சு. என் தலை தாங்காது. பிடிச்சிருந்தா வீடு உங்களுக்குத்தான். ஏன் தம்பி, உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குங்க," என்றான் எல்வுட். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். மீதியும் தொண்டை வரைக்கும் வந்தது. ஐரிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வேஷத்தைப் பாதியில் கலைக்கக் கூடாதென்பது குழுவின் முதல் விதி.

காரில் கெல்லர் பாதி டோனட்டோடு திரும்பிப் பார்த்தார். "குடுத்துட்டாங்களா? அப்ப நாங்க போக வேண்டாமா?" அவர் குரலில் துளி ஏமாற்றம் இருந்ததை எல்வுட் கவனித்தான். ஐரிஸுக்கு ஒரே சந்தோஷம். "ஒரு நல்ல கதவாவது இருக்கே! சரி, அடுத்த வீடு எங்க?"

அடுத்த வீட்டில் திரை அசைந்தது, அக்கா மகள் வந்தாள். எல்வுடுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டில் அவன் நிஜ மனைவி வெர்னீஸ் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். பொதுக் குளியலறையில் அடுத்த வீட்டுக்காரர்கள் இருந்ததால் பிள்ளைகள் மூவரும் நடையில் துண்டோடு வரிசையில் நின்றார்கள். அவன் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலோரம் போனான், திரும்பி வந்தான்.

"எதையாவது உடைக்கறதுக்கு முன்னாடி சொல்லித் தொலை," என்றாள் வெர்னீஸ்.

சொன்னான். இஸ்திரிப் பெட்டி நின்றது.

"ஓஹோ. உன் பொண்டாட்டிக்கு வீடு பிடிச்சுதா?"

"வெர்னீஸ்..."

"இல்ல, கேக்கறேன். வாராவாரம் புதுச் சட்டை போட்டுக்கிட்டு அவளைக் கூட்டிட்டுப் போய் வீடு பாக்கற. கடைசியில வீடும் கிடைச்சிருச்சு. வாழ்த்துகள், மிஸ்டர் வில்சன்."

அவனுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "நாளைக்கு மூணு பிள்ளைங்களோட போய் நின்னா அந்தம்மா முடியாதும்பாங்க. பிள்ளைங்களுக்காக முடியாதுன்னாங்களா, பொய் சொன்னதுக்கா, இல்ல நம்ம நிறத்துக்காகவான்னு எனக்குத் தெரியவே போறதில்ல. எல்லாருக்கும் சாக்கு இல்லாமப் பண்றதுதான் என் வேலை. அந்தம்மாவுக்குச் சாக்கை நானே கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

வெர்னீஸ் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மடித்த சட்டையையே திரும்ப மடித்தாள்.

"குழாயில வெந்நீர் வந்துதா?"

"கை வச்சுப் பாத்தேன்."

"உடனே வந்துதா, இல்ல ரொம்ப நேரம் விடணுமா?"

"உடனே."

"அப்ப நாளைக்கு சர்ச் முடிஞ்சு போறோம். மணியை நான் அடிக்கறேன். நீ வாயைத் திறந்தது போதும்." பிறகு நடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பசங்களா, கேட்டுக்குங்க. அந்த வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தம் ஆகாது."

இரவு முழுக்க எல்வுட் புரண்டு படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் எல்லா ஜன்னல் திரைகளும் அசைந்தன. மிஸஸ் ஷிமான் வீட்டுத் திரை மட்டும் அசையவில்லை. வெர்னீஸ் மணியை அழுத்தினாள். கிழவி கதவைத் திறந்தாள். எல்வுடைப் பார்த்துச் சிரிக்கப் போனவள் வெர்னீஸைப் பார்த்தாள். அப்புறம் படியில் உயர வரிசையில் நின்ற மூன்று பேரையும் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"அவங்க டீச்சருங்க. இவதான் என் மனைவி. இது எங்க பிள்ளைங்க. என் பேரு வில்சன் இல்லைங்க, டாக்கெட். எல்வுட் டாக்கெட்." வாயைத் திறக்காதே என்று சொல்லியும் திறந்துவிட்டான். சர்ச், குழு, கெல்லர், எல்லாவற்றையும் கொட்டினான். "வீடு நெசமாவே வேணுங்க. அது மட்டும் பொய்யில்ல."

"என்னைப் பரீட்சை பண்ண வந்தியா?"

"ஆமாங்க."

"நான் பாஸா?"

"நேத்து பாஸுங்க," என்றாள் வெர்னீஸ், அழுத்தமாக.

கிழவியின் கை கதவின் விளிம்பில் இருந்தது. மறுக்கும் முகங்களில் எல்வுடுக்குத் தெரியாத முகம் இல்லை. இந்த முகத்தைத்தான் அவனால் படிக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரன் வாசலுக்கே வந்து நின்றுகொண்டான். "சத்தம் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே," என்றாள் கிழவி மெல்ல. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அப்போது மூத்தவள் ரூத்தெல்லா, யாரும் சொல்லாமலே, பனி ஒட்டிய படியில் குனிந்து சர்ச் ஷூவின் வாரைக் கழற்றத் தொடங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவனும் கழற்றினான். கடைக்குட்டிக்கு முடிச்சு அவிழவில்லை. அக்காவே அவிழ்த்துவிட்டாள். போட்டுக்கோ, போட்டுக்கோ என்று கத்த வேண்டும்போல எல்வுடுக்கு இருந்தது. வெர்னீஸ் அவன் கையைப் பிடித்திருந்தாள், நேற்று ஐரிஸ் பிடித்த அதே இடத்தில். கதவு மூடவும் இல்லை, மேலே திறக்கவும் இல்லை. உள்ளேயிருந்து முட்டைக்கோஸ் வேகும் வாசனையோடு வந்த சூடான காற்று, வெள்ளைக் காலுறைகளில் அசையாமல் நின்ற மூன்று ஜோடிப் பாதங்கள் மேல் பட்டுக்கொண்டிருந்தது.